சாப்பாட்டு அறையில் ஓர் அச்சு இயந்திரம்

எங்கள் விடுதியில் மூன்றாவது மாடியில் இருந்த ஓர் அண்ணன் போன வருடம் ஒரு நாவல் எழுதி, கைக்காசைப் போட்டு அச்சடித்தார். மொத்தம் 300 பிரதிகள். நண்பர்கள், சொந்தக்காரர்கள், ஊர் நூலகம் என்று கொடுத்தது போக இருநூற்றுச் சொச்சம் அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. விற்றுத் தருகிறேன் என்று வாங்கிப்போன ஒரு கடைக்காரர் புத்தகத்தையும் திருப்பித் தரவில்லை, காசையும் தரவில்லை. அதையெல்லாம் அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். வகுப்பில் ஒருவன் கேட்ட கேள்வியைத்தான் அவரால் மறக்க முடியவில்லை: "எந்தப் பதிப்பகமும் எடுக்கலன்னுதானே நீயே போட்டுக்கிட்ட?"

உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சொந்தமாகப் புத்தகம் போடுபவர் என்றாலே எல்லாக் கதவும் சாத்தப்பட்டவர் என்று ஓர் எண்ணம். படிப்பு விடுமுறையில் பாடத்தைப் படிக்காமல் வர்ஜீனியா உல்ஃபின் நாட்குறிப்புகளையும் அவர் கணவர் லியோனார்ட் உல்ஃபின் தன்வரலாற்றையும் படித்தேன் (மதிப்பெண் வந்தபோது அதன் பலன் தெரிந்தது :-) ). அதற்குப் பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் பெரிய ஆங்கில நாவலாசிரியர்களில் ஒருவரான அவர் தன் மூன்றாவது நாவலிலிருந்து எல்லா நாவல்களையும் சொந்தப் பதிப்பகத்திலேயே வெளியிட்டார். அவரை எந்தப் பதிப்பகமும் திருப்பி அனுப்பியதே இல்லை. பிறகு ஏன் இந்த வேலை? அதில் அவர் பட்ட பாடு என்ன? அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதல் நாவல் 'தி வாயேஜ் அவுட்'. 1913இல் கைப்பிரதியை டக்வொர்த் பதிப்பகத்துக்குக் கொடுத்தார்கள். உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தப் பதிப்பகத்தின் உரிமையாளர் ஜெரால்ட் டக்வொர்த் வேறு யாருமில்லை, வர்ஜீனியாவின் தாய்க்கு முதல் திருமணத்தில் பிறந்த மகன். அண்ணன் முறை. வீட்டுக்குள்ளேயே பதிப்பாளர் இருப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று தோன்றும். ஆனால் தன் கடைசிக் காலத்தில், 1939இல் எழுதத் தொடங்கிய நினைவுக் குறிப்புகளில் வர்ஜீனியா ஒன்றைச் சொல்கிறார். தான் சிறு குழந்தையாக இருந்தபோது இதே ஜெரால்ட் தகாத முறையில் தன் உடலைத் தொட்டதை. அந்த மனிதரின் மேஜைக்குத்தான் அவர் தன் நாவலை அனுப்ப வேண்டியிருந்தது. முதல் இரண்டு நாவல்களும் அங்கேதான் வந்தன.

கைப்பிரதி ஏற்கப்பட்ட அதே 1913இன் செப்டம்பரில் அவர் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். புத்தகம் வெளிவந்தது 1915 மார்ச்சில். அப்போது அவர் மறுபடியும் மனநலம் குன்றி ஒரு மருத்துவ இல்லத்தில் இருந்தார். தான் எழுதியதைப் பிறர் படித்துத் தீர்ப்புச் சொல்வார்கள் என்ற நினைப்பே அவரைப் படுக்கையில் தள்ளிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்ததெல்லாம் புரியும்.

அந்த வருடம் ஜனவரி 25, வர்ஜீனியாவுக்கு 33 வயது நிறைந்த நாள். கணவனும் மனைவியும் லண்டனில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து மூன்று முடிவுகள் எடுத்தார்கள். ரிச்மண்டில் உள்ள ஹோகார்த் ஹவுஸ் என்ற வீட்டை எடுப்பது, ஓர் அச்சு இயந்திரம் வாங்குவது, ஒரு புல்டாக் நாய் வாங்குவது. நாய்க்கு ஜான் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். வீடு உடனே அமைந்தது. அச்சு இயந்திரம் வர இரண்டு வருடம் ஆனது.

லியோனார்டின் கணக்கு எளிமையானது. எழுத்து மனைவியின் மூளையை விடாமல் அரிக்கிறது, மாலையில் கைக்கு ஒரு வேலை இருந்தால் நல்லது. லண்டனில் இருந்த ஓர் அச்சுப் பயிற்சிப் பள்ளியில் சேரலாம் என்று போனார்கள். தொழிற்சங்கத்தில் பதிவான பயிற்சியாளர்களுக்குத்தான் சொல்லித்தருவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். 1917 மார்ச் 23 அன்று ஃபேரிங்டன் தெருவில் நடந்துபோகும்போது ஒரு கடையின் கண்ணாடிக்குள் கையால் இயக்கும் சிறிய அச்சு இயந்திரங்கள் தெரிந்தன. உள்ளே போய்க் கேட்டார்கள். பள்ளியெல்லாம் எதற்கு, 16 பக்கத்தில் ஒரு கையேடு தருகிறேன், அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். இயந்திரம், ஈய எழுத்துகள் எல்லாம் சேர்த்து 19 பவுண்டு 5 ஷில்லிங் 5 பென்ஸ்.

ஏப்ரல் 24 அன்று பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் இயந்திரத்தில் ஒரு பாகம் உடைந்திருந்தது! கூரியரில் வந்த பொருளைப் பிரித்துப் பார்த்துத் தலையில் கைவைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். மாற்றுப் பாகம் வரும்வரை எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போடும் வேலையை மட்டும் செய்தார்கள். அதில் வர்ஜீனியா ஆங்கில 'எச்'சையும் 'என்'னையும் கலந்துவிட்டார். 

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பழைய அச்சகம் ஒன்று இருந்தது. சின்ன வயதில் அங்கே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஈய எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத்தான் படிக்க வேண்டும். 'எச்'சுக்கும் 'என்'னுக்கும் வித்தியாசம் ஒரு சின்னக் கொம்புதான். நம் ஊர்க் கம்போசிட்டர்கள் 'ன'வையும் 'ண'வையும் கலக்காமல் கோத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

வேலைப் பங்கீடு உடல்நிலையே செய்து கொடுத்தது. லியோனார்டுக்குச் சிறுவயதிலிருந்தே கை நடுக்கம் உண்டு. முதல் உலகப் போரில் ராணுவத்துக்குப் போகாமல் தப்பித்ததே அதனால்தான். நடுங்கும் கையால் எழுத்துக் கோக்க முடியாது. ஆகவே கோப்பது வர்ஜீனியா, இயந்திரத்தை இழுப்பது லியோனார்ட். காலையில் அவர் எழுதுவார், மதியத்துக்கு மேல் சாப்பாட்டு அறையில் எழுத்துக் கோப்பார். கையிருப்பில் இருந்த எழுத்து இரண்டு பக்கத்துக்குத்தான் போதும். இரண்டு பக்கம் கோத்து, 150 பிரதி அடித்து, எழுத்துகளைக் கழுவிப் பிரித்து அறைகளில் போட்டு, மறுபடி அடுத்த இரண்டு பக்கம். இப்படி அடித்த முதல் புத்தகம் 'இரண்டு கதைகள்', 1917 ஜூலையில் வந்தது. அவர் கதை ஒன்று, கணவர் கதை ஒன்று. கையில் கிடைத்த காகிதத்தை அட்டையாகப் போட்டதால் பிரதிக்குப் பிரதி அட்டை வேறு. அதைத் தைத்தது, ஒட்டியது, பொட்டலம் கட்டியது, முகவரி எழுதியது எல்லாம் இந்த இரண்டு பேர்.

உதவிக்கு ஆள் வைக்கலாம் என்று அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு பெண்ணை அழைத்தார்கள். கேம்பிரிட்ஜில் படித்தவர். எழுத்துக் கோக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு இருவரும் நடக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது அவர், இது மிகவும் அலுப்பூட்டும் வேலை, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பிறகு வந்த இன்னொரு பெண் நல்லவர், ஆனால் தவறுகள் செய்வார், அதைத் திருத்துவதற்கு ஒரு மதியம் போய்விடும். காதரின் மான்ஸ்ஃபீல்டின் 'ப்ரிலூட்' வெறும் 68 பக்கம். அதை அடித்து முடிக்க 1917 நவம்பரிலிருந்து 1918 ஜூலை வரை ஆயிற்று. இந்த வேகத்தில் இருந்தவர்களிடம்தான் 1918 ஏப்ரலில் ஒரு பெண்மணி ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' கைப்பிரதியைக் கொண்டுவந்து போடுகிறீர்களா என்று கேட்டார்! வேறு அச்சகங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். வழக்கு வந்துவிடும் என்று அவர்களும் தொடவில்லை.

1919 மே மாதம் 'கியூ கார்டன்ஸ்' என்ற அவருடைய சிறுகதை வந்தது, 150 பிரதி. ஆரம்பத்தில் விற்பனை மந்தம். படம் செதுக்கிக் கொடுத்த அக்கா வனெஸ்ஸா பெல், அச்சு மோசம், இனிமேல் இந்த நிலைமையில் உன் கதைகளுக்குப் படம் போட்டுத் தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் டைம்ஸ் இலக்கிய இணைப்பில் நல்ல மதிப்புரை வந்தது. ஜூன் 3 அன்று கிராமத்து வீட்டிலிருந்து திரும்பிய இருவரும் கதவைத் திறந்தால் கூடம் நிறையக் கடிதங்கள். எல்லாமே புத்தகம் கேட்டு. அன்றைக்கு ஆனந்தக் கூத்தாடியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இரவுச் சாப்பாட்டுக்கு நடுவில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டே இருவரும் சண்டை போட்டார்கள். இரண்டு பேருக்கும் பரபரப்பு, ஆனால் எதிரெதிர்த் திசையில் என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே அப்பாவும் அம்மாவும் முறைத்துக்கொள்வதை நாம் பார்த்ததில்லையா, அப்படித்தான்.

இனி நாவலுக்கு வருகிறேன். 'ஜேக்கப்ஸ் ரூம்' என்ற மூன்றாவது நாவலை 1920 ஏப்ரலில் தொடங்கினார். வழக்கமான கதையோட்டம் இல்லாத, துண்டு துண்டாக நகரும் நாவல். இதை ஜெரால்டின் மேஜைக்கு அனுப்புவதை நினைத்தாலே அவருக்கு நடுக்கம். ஒப்பந்தப்படி அடுத்த நாவல் டக்வொர்த்துக்குத்தான் போக வேண்டும், கேட்டுக்கொண்டதால் அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

ஆனால் அந்த நாவலைத் தொடங்கிய அதே மாதத்தில் அவர் மதியப் பொழுதுகளில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அவர்கள் வெளியிட்ட வேறொருவரின் 'பாரிஸ்' என்ற நெடுங்கவிதையில் அச்சுப் பிழைகள் இருந்தன. 160 பிரதிகளில் பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தார். கண் பாதி குருடாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்.

அடுத்த அடி 1921 ஏப்ரலில் விழுந்தது. நாவல் பாதி எழுதிய நிலையில், இடையில் அவருடைய சிறுகதைத் தொகுப்பு 'மண்டே ஆர் டியூஸ்டே' வெளிவந்தது. 1000 பிரதிகள் என்பதால் வெளியே ஓர் உள்ளூர் அச்சகத்தில் கொடுத்தார்கள். படங்களில் மை அதிகமாகி எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இதுவரை வந்ததிலேயே மிக மோசமாக அச்சான புத்தகங்களில் ஒன்று என்று லியோனார்டே பிற்பாடு எழுதினார். இது போதாது என்று அவர்கள் உதவியாளர் டைம்ஸுக்கு மதிப்புரைப் பிரதி அனுப்பும்போது வெளியீட்டுத் தேதியைக் குறிப்பிட மறந்துவிட்டார். விளைவு, அவசர அவசரமாக எழுதப்பட்ட ஒரு சின்னக் குறிப்பு, யார் கண்ணிலும் படாத மூலையில். அதே சமயத்தில் நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சியின் 'விக்டோரியா மகாராணி' நூலுக்கு மூன்று பத்தி நீளத்துக்கு மதிப்புரை. வர்ஜீனியா நொறுங்கிப் போனார். எழுத்தாளராகத் தன் கதை முடிந்தது என்று தோன்றியது, 'ஜேக்கப்ஸ் ரூ'மைத் தொடர முடியவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குப் பெரிய விஷயம் ஒன்று பிடிபட்டது. வேறு பதிப்பகமாக இருந்தால் அந்தத் தேதித் தவறு ஒரு குமாஸ்தாவின் தவறு. ஆசிரியர் ஒரு கோபக் கடிதம் எழுதிவிட்டு நாவலுக்குத் திரும்பலாம். இங்கே குமாஸ்தாவைத் தேர்ந்தெடுத்ததும் ஆசிரியர், அவர் முகத்தில் நாளைக் காலை விழிக்க வேண்டியவரும் ஆசிரியர். தீர்ப்புக்குப் பயந்து தனக்கென்று ஒரு பதிப்பகம் வைத்தார். தீர்ப்பு வரும் பாதையில் உள்ள ஒவ்வொரு தபால் உறையும் அவர் வீட்டு மேஜையைத் தாண்டித்தான் போயிற்று. அண்ணன் ஒருமுறை சொன்னார், "புத்தகம் விக்கலைன்னா எழுத்து மோசமா, அட்டை மோசமா, நான் கடைக்குப் போன நேரம் மோசமான்னு மூணு சந்தேகமும் எனக்கே வருதுடா" என்று. அதே வலிதான்.

எப்படியோ 1921 நவம்பரில் நாவலை முடித்தார். கையால் கோத்து அடிக்கக்கூடிய அளவா அது? எடின்பரோவில் உள்ள ஆர். அண்ட் ஆர். கிளார்க் அச்சகத்தில் கொடுத்து 1200 பிரதிகள் அடித்து 1922 அக்டோபர் 27 அன்று வெளியிட்டார்கள். விலை ஏழரை ஷில்லிங். அட்டை அக்கா வனெஸ்ஸா வரைந்தது (கோபம் தணிந்துவிட்டது போலும்). அந்த அட்டையில் அழகான பெண் இல்லை, ஜேக்கப் இல்லை, அவன் அறையும் இல்லை. புத்தகக் கடைக்காரர்கள் அட்டையைப் பார்த்து முகம் சுளித்தார்கள், சிலர் சிரித்தே விட்டார்கள். இன்றைக்கு அந்த அட்டையோடு ஒரு முதல் பதிப்பு கிடைத்தால் என்ன விலை போகும் என்று அந்தக் கடைக்காரர்கள் எழுந்து வந்து பார்க்க வேண்டும்!

1923 கடைசி வரை விற்றது 1413 பிரதிகள். செலவு போக நின்ற லாபம் 42 பவுண்டு சொச்சம். ஒன்றரை வருட எழுத்துக்கும், ஒரு வருட அலைச்சலுக்கும் அவ்வளவுதான். ஆனால் அந்த நாவலில் ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்ல யாரும் இல்லை. நாற்பது வயதில் தன் சொந்தக் குரலில் ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன் என்ற பொருளில் அவர் நாட்குறிப்பில் எழுதியது இந்த நாவலைப் பற்றித்தான். அதே குளிர்காலத்தில் ஹைன்மன் என்ற பெரிய பதிப்பகம் ஹோகார்த்தோடு கூட்டுச் சேர அழைத்தது. கணக்கு, விநியோகம் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மை ஒட்டிய கையே போதும் என்று முடிவு.

1923இல் 'மிஸஸ் டாலோவே' நாவலை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் டி.எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' முழுவதையும் தன் கையாலேயே கோத்தார். முடித்ததும் ஒரு தோழிக்குக் கடிதம் எழுதும்போது, பார், என் கை எப்படி நடுங்குகிறது என்கிறார். வீட்டில் இப்போது நடுங்கும் கை நான்கு!

1924இல் லண்டன் டாவிஸ்டாக் சதுக்கத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அச்சகம் நிலவறையில். பின்பக்கம் முன்பு பில்லியர்ட்ஸ் விளையாடிய ஒரு பெரிய அறை. அதுதான் பதிப்பகத்தின் கிடங்கு, அதுவேதான் வர்ஜீனியாவின் எழுதும் அறை. சுற்றிலும் விற்காத புத்தகக் கட்டுகள், நடுவில் அவர். 'டு தி லைட்ஹவுஸ்' எழுதிய காலத்தில் அவர் அறை அதுதான். பெண்ணுக்கு எழுத ஒரு தனி அறை வேண்டும் என்று உலகத்துக்கே சொன்னவரின் அறைக்குள் பொட்டலம் எடுக்க ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

1928 அக்டோபரில் 'ஓர்லாண்டோ'. விளையாட்டாக அதற்கு 'ஒரு வாழ்க்கை வரலாறு' என்று துணைத்தலைப்பு வைத்தார். 300 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து நடுவில் ஆணிலிருந்து பெண்ணாக மாறும் ஒருவரின் கதை, யாராவது நிஜ வரலாறு என்று நினைப்பார்களா? கடைக்காரர்கள் நினைத்தார்கள். வரலாறு என்றால் வரலாற்று அலமாரியில்தான் வைப்போம், அங்கே நாவல் தேடி யார் வருவார்கள் என்று முன்பதிவு செய்யத் தயங்கினார்கள். அந்தத் துணைத்தலைப்பு வைத்த வேடிக்கைக்கு இது அதிக விலை என்று புலம்பினார். நல்லவேளையாக வாசகர்கள் அலமாரியைப் பார்க்கவில்லை. முதல் ஆறு மாதத்தில் 8104 பிரதிகள் விற்றன. பணக் கவலை விட்டது அதற்குப் பிறகுதான்.

விட்டபிறகும் 1930 மே மாதம் இவர்களே காரில் தென்மேற்கு இங்கிலாந்து முழுக்கச் சுற்றிக் கடை கடையாக ஏறி இறங்கிப் புத்தகம் விற்றார்கள். அப்போது வர்ஜீனியாவுக்கு 48 வயது, நாடறிந்த எழுத்தாளர்.

இங்கிலாந்தில் தனக்குப் பிடித்ததை எழுதும் சுதந்திரம் உள்ள ஒரே பெண் நான்தான் என்று 1925இல் பெருமையாக எழுதியவரும் அவர்தான். இந்தப் பதிப்பகத்தை மூடித் தொலைக்கலாம் என்று முப்பதுகளில் பல தடவை அலுத்துக்கொண்டவரும் அவர்தான். வந்து குவியும் பிறர் கைப்பிரதிகளைப் படித்துப் படித்தே நாள் போகிறது என்பது பெரிய குறை. 1938இல் தன் பாதிப் பங்கை ஜான் லேமன் என்ற இளைஞருக்கு விற்றுவிட்டார். 1940இல் ஜெர்மன் குண்டுவீச்சில் அவர்கள் லண்டன் வீடு சிதைந்தபோது அச்சகத்தை ஊருக்கு வெளியே மாற்ற வேண்டியதாயிற்று. 1941 மார்ச்சில் அவர் இறந்தார். கடைசி நாவலும் அதே ஹோகார்த் முத்திரையோடுதான் அந்த ஆண்டு வந்தது.

'தி வேஸ்ட் லேண்ட்' அடித்த அந்தக் காலால் மிதிக்கும் இயந்திரத்தைத் தோழி விட்டா சாக்வில்-வெஸ்டுக்குக் கொடுத்தார்கள். கென்ட் மாவட்டத்தில் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் கோட்டையின் கோபுரத்தில் அது இருக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம்.

160 பிரதிகளைப் பேனாவால் திருத்திய கதையை அண்ணனிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டை இழுத்துப் பிரித்தார். 43ஆம் பக்கத்தில் கதாநாயகியின் பெயர் தப்பாக அச்சாகியிருந்ததாம், எனக்குத் தெரியவே தெரியாது. அன்று இரவு பதினொன்றரை வரை இரண்டு பேரும் உட்கார்ந்து 90 பிரதிகள் திருத்தினோம். மீதி இன்னும் இருக்கிறது.